வெயிலில் மூடிய கூரை: ரொஜர்ஸ் சென்ரர் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்ததும் ரொறன்ரோவில் நம்மவர் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரொஜர்ஸ் சென்ரர் அரங்குக்குப் புளூ ஜேஸ் பேஸ்போல் அணியின் ஆட்டம் பார்க்கப் போகிறார்கள். திரும்பி வந்தவர்களிடம் இரண்டு குறைகள் கேட்கலாம். "நல்ல வெயில், ஏன் கூரையை மூடி வைச்சவங்கள்?" என்பது ஒன்று. "திறந்துதான் இருந்தது, எங்களுக்கு வானமே தெரியேல்லை" என்பது மற்றது. இரண்டுக்கும் காரணம் அந்தக் கூரை இயங்கும் விதத்தில்தான் இருக்கிறது.

கூரை நான்கு துண்டுகளால் ஆனது. வடக்கு ஓரத்துத் துண்டு அசையாது. நடுவிலுள்ள இரண்டு வளைவுகளும் தண்டவாளத்தில் நேராக வடக்கே நகரும். தெற்கே இருப்பது கால் கோளம் போன்றது. அது வட்டத் தண்டவாளத்தில் அரைச் சுற்றுச் சுற்றி வந்து மற்றவற்றோடு ஒடுங்கும். மொத்த எடை ஏறத்தாழ 11,000 தொன். திறக்கவோ மூடவோ 20 நிமிடம் எடுக்கும்.

கவனிக்கவேண்டியது அந்த 20 நிமிடத்தை. முதல் துளி விழுந்த பிறகு மூடத் தொடங்கினால், மூடி முடிவதற்குள் சனம் நனைந்துவிடும். அரங்கம் ஸ்கைடோம் என்ற அன்றைய பெயரோடு 1989 யூன் 3ஆம் திகதி திறக்கப்பட்ட விழாவிலேயே இது தெரிந்தது. மழைக்குள் கூரையைத் திறந்து காட்டினார்கள். வந்திருந்தவர்கள் தெப்பமாக நனைந்தார்கள். ஆகவே மாலையில் மழை வரும் என்றால், பகலில் எவ்வளவு வெயில் எறித்தாலும் முன்கூட்டியே மூடிவிடுவதுதான் புத்தி. ஏப்ரலில் குளிருக்காகவும் மூடியே வைப்பார்கள். திறந்த கூரைதான் வேண்டுமென்றால் யூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை, வானிலை பார்த்து நாளைத் தெரிவு செய்யுங்கள்.

இவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு என்று கேட்பவர்கள் பழைய எக்ஸிபிஷன் ஸ்ரேடியத்தை அறியாதவர்கள். ஏரிக்கரையில் இருந்த அந்த மைதானத்தில் 1977 ஏப்ரல் 7ஆம் திகதி புளூ ஜேஸ் ஆடிய முதல் ஆட்டமே பனி கொட்டக் கொட்ட நடந்தது. 1982இல் அங்கேயே நடந்த, கனேடியன் ஃபுட்போல் கிண்ணமான கிரே கப் இறுதியாட்டத்தில் பார்வையாளர்கள் கொட்டும் மழையில் இருந்தார்கள். கூரை வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகுதான் ஓங்கியது. கட்டடக் கலைஞர் ரொட் ரொபியும் பொறியியலாளர் மைக்கல் அலனும் வடிவமைத்த கூரை, மோட்டாரால் முழுதாகத் திறந்து மூடும் அரங்கக் கூரைகளில் உலகிலேயே முதலாவது.

மழைக்கு மட்டும் அது மூடப்பட்டதில்லை. 1990 ஓகஸ்டில் ஒரு நாள் சிறு பூச்சிக் கூட்டம் மைதானத்தை மொய்த்து ஆட்டம் 35 நிமிடம் நின்றது. கூரையை மூடித்தான் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். 2018 ஏப்ரலில் பக்கத்து சீ.என். கோபுரத்திலிருந்து விழுந்த பனிக்கட்டி கூரையைத் துளைத்ததால் ஓர் ஆட்டமே தள்ளிப்போனது.

இனி இருக்கை. திறக்கும்போது துண்டுகள் எல்லாம் வடக்கே போய் அடுக்கிக்கொள்வதால், வடக்கே வெளிக்களத்தின் (பந்தடிப்பவருக்கு எதிரே தூரத்திலுள்ள பகுதி) மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் கூரைதான் இருக்கும். "வானமே தெரியேல்லை" என்றவர்கள் பெரும்பாலும் அங்கு இருந்தவர்கள். மேற்கே, அதாவது மூன்றாம் பேஸ் பக்கம் வாங்குங்கள். பிற்பகல் ஆட்டத்தில் நிழல் அங்கேதான் முதலில் விழும்; எதிரே கோபுரம் முழுதாகத் தெரியும்; புளூ ஜேஸ் வீரர்கள் அமரும் இடமும் அந்தப் பக்கம்தான். கூரை நகரும்போது அதன் விளிம்பைக் கோபுரத்தோடு ஒப்பிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுமனே அண்ணாந்து பார்த்தால் அசைவதே தெரியாது. விளிம்பு மெல்ல விலக விலகக் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். அந்தக் காட்சிக்காகவே நேரத்தோடு போகலாம்.

500 இலக்க மேல்தளத்தின் படிகள் மிகச் செங்குத்து. முழங்கால் நோவுள்ள அப்பம்மா, அம்மம்மாவோடு போனால் அத்தளத்தின் மேல் வரிசைகளைத் தவிருங்கள். 2023இல் திறக்கப்பட்ட, வெளிக்களத்தில் நின்று பார்க்கும் பகுதிகளுக்கு எந்த ரிக்கெற்றோடும் போகலாம். அங்கே பந்தெறிபவர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்கு மேலே நின்றால், கையுறையில் பந்து அறையும் சத்தம் காதுக்குள் கேட்கும். பொழுதுபோகாத பிள்ளைகூட அசையாமல் நிற்கும். 2024இல் கீழ்த்தளத்தை இடித்துக் கட்டி, இருக்கைகளை ஆடுகளம் நோக்கித் திருப்பிவிட்டார்கள்; முன்போல் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ரிக்கெற் கைபேசியில் வருவதால் மின்னேற்றிக்கொண்டு போங்கள். வாகனத் தரிப்பிடம் தேடி அலையாமல் யூனியன் நிலையத்தில் இறங்கினால், மூடிய நடைபாதை வழியே சுமார் 10 நிமிட நடை.

அடுத்த பருவம் தொடங்குமுன் உங்கள் பத்திரிகை அரங்கின் இருக்கை வரைபடத்தைத் தமிழில் வெளியிட்டு, கூரை ஒதுங்கும் வடக்குப் பகுதியை நிழலிட்டுக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பேஸ்போல் ஆர்வலர்கள் சிலர்,
ஸ்காபரோ