மூன்றாம் காட்சியைத் திருத்தும் முன்

கோத்தகிரி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நாடகப் பிரதியை முழுவதும் படித்தேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பத்தின் கதையை, ஈசன் காமனை எரித்ததை ஆடிக்காட்டும் காமன் கூத்தின் உருவில் எழுதியது இரவல் வாங்கியதாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறாய்.

வெறுங்கையோடு தொடங்கிய நாடக ஆசிரியர் எவரையும் நான் அறியேன். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தின் கதைக்கருவைச் சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையிலிருந்து எடுத்துக்கொண்டார். தமிழ் நாடகத்தை ஏளனமாக எண்ணியிருந்த பம்மல் சம்பந்த முதலியார், பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்குக் குழுவின் நாடகத்தைப் பார்த்த பிறகே, அதே ஆண்டில் நண்பர்களோடு சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை நிறுவிய ந. முத்துசாமியோ, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்திலிருந்து கதையை எடுத்துக்கொள்ளவில்லை. நடிகனின் உடலும் குரலும் மேடையில் என்னென்ன செய்யும் என்பதை எடுத்துக்கொண்டார்.

நீ ஊன்றிப் பார்க்க வேண்டியது நந்தன் கதையை. பெரியபுராணத்தில் இல்லாத, நந்தனின் ஆண்டையான வேதியரைக் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் நுழைத்தார். அங்கிருந்து இந்திரா பார்த்தசாரதி 1978-இல் எழுதியபோது, அடியாரைத் தூய்மையாக்கிய நெருப்பு ஆதிக்கச் சாதியார் சூழ்ச்சியாக மூட்டிய நெருப்பாயிற்று. கதை பழையதுதான், ஆனால் நெருப்பை மூட்டியவர் யார் என்ற கேள்வி புதிது. உன் நாடகத்தில் அந்தக் கேள்வி எது என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அது ஐந்தாம் காட்சியில் கிடைத்தது. ஈசன் எரித்த காமன், இரதி மன்றாடியதால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர்பெற்றான் அல்லவா? தலைமன்னாரில் விட்டு வந்த அண்ணனைத் தங்கைக்கு மட்டும் தெரியும்படி கோத்தகிரித் தேயிலைக் காட்டில் நடமாட விட்டிருக்கிறாயே, அந்த இடம் உனக்கே சொந்தமானது. நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில், மாசி மாதத்தில் தப்பு முழங்க, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஆடி வரும் இரதி, தோட்டத்து ஆண் ஒருவர்தான். மீசையை மழித்துவிட்டு அவர் ஒப்பாரி வைக்கும்போது பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். உன் தங்கை பாத்திரத்துக்கும் ஓர் ஆணைப் போட்டுப் பார்க்கலாம். காமன் எரிந்தானா இல்லையா என்று லாவணிக்காரர்கள் பாட்டிலேயே எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து வாதாடுவதையும் நீ இன்னும் தொடவில்லை. அங்கேயே தங்கியவர்களையும் புறப்பட்டு வந்தவர்களையும் அப்படி எதிரெதிரே நிறுத்தினால், உன் கதைசொல்லிக்கு வேலையே இருக்காது.

மூன்றாம் காட்சி சரியில்லை. தோட்டத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தையும், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்ற பங்கீட்டையும் பாட்டி வாயிலாகச் சொல்ல வைத்திருக்கிறாய். அந்தக் கணக்கை அதிகாரி ஒருவர் தாளைப் பார்த்து வாசித்துவிட்டுப் போகட்டும். பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கு ஒரு நாடும் தன் அண்ணனுக்கு வேறொரு நாடும் எழுதப்பட்டுவிட்டது என்பதுதான். அதை அவள் எந்த வார்த்தையில் சொல்லியிருப்பாள் என்று உன் பெரியத்தையிடம் தொலைபேசியில் கேள். அவருக்கு அந்தப் பேச்சு இன்னும் மாறவில்லை.

திருத்தியதும் தட்டச்சு செய்வதற்கு முன்பே நடிகர்களை உட்கார வைத்து உரக்க வாசிக்கச் சொல். நாக்கு இடறுகிற வரிகளை அவர்களே காட்டிக்கொடுப்பார்கள்.

அன்புடன்,
அப்பா