அந்தக் கடை அக்காவுக்கு நன்றி

சுவரில் காரை பெயர்ந்து, பாதி விளக்குகள் எரியாத கடை அது. மக்கள் கொடுக்கும் பழைய துணிமணி, பாத்திரம், புத்தகங்களை விற்று, அந்தப் பணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் தன் பணிகளை நடத்துகிறது. அங்கே சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கும் ஓர் அக்காவுக்குத்தான் இந்த நன்றி. பெயர் கேட்டதற்கு, “அதெல்லாம் எதுக்கும்மா” என்று சிரித்துவிட்டார்.

அம்மாவுக்காகக் கம்பளி ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருந்தேன். நான் எடுத்ததை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். பூச்சி அரித்த சின்னச் சின்ன ஓட்டைகள்! அப்புறம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அக்குள் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும், ஜிப்பை முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும். பொத்தான் இல்லையென்றால் பரவாயில்லை, தைத்துக்கொள்ளலாம். இழை நைந்திருந்தால் எடுக்கவே கூடாது. முன்பு வைத்திருந்தவர் வெந்நீரில் துவைத்திருந்தால் கம்பளி சுருங்கியிருக்கும், அதனால் லேபிளில் உள்ள அளவை நம்பாமல் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

கடைசியில் குவியலின் அடியிலிருந்து நல்லதாக ஒன்றை அவரே தேடி எடுத்துத் தந்தார். எதையாவது விற்றால் சரி என்று நினைக்காத மனசு அது. அக்கா, அம்மாவுக்கு அளவு கச்சிதமாக இருக்கிறது. ரொம்ப நன்றி.