முட்டைப் பந்தும் உருண்டைப் பந்தும்

ஹோம்புஷ், சிட்னி
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டிருக்கலாம். நாலு பக்கம் பேனா பிடித்து எழுதினவனுக்குக் கட்டைவிரல் படம் அனுப்ப மனசு வரவில்லை, அதனால்தான் தாமதம். இங்கே எல்லாரும் சுகம். சாந்திக்குக் கழுத்துவலி மட்டும் விட்டபாடில்லை. பெரியவள் இந்த வருஷம் கார் ஓட்டப் பழகுகிறாள், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிற மாதிரி காலை ஊன்றி ஊன்றி எனக்கு முழங்கால் போய்விட்டது. கோமதி தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது கேட்டு நிம்மதி. காலை நடையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்.

சரி, நீ ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் கதிர் மாவட்டக் கால்பந்து அணிக்குத் தேர்வாகிவிட்டான், அதைக் கொண்டாடாமல், கோச் அவனை கோல் போடுகிற முன்வரிசையிலிருந்து எடுத்துப் பேக்கில், கோலைக் காக்கிற பின்வரிசையில், போட்டுவிட்டார் என்று துக்கம் காக்கிறாய். 'பேக் ஆடுகிறவன் பேரை எந்தப் பேப்பரில் போடுகிறான்' என்று கேட்டிருக்கிறாய். ஏலே, இதை நீ கேட்கலாமா? மூன்று வருஷம் நம் பள்ளிக்கு ஸ்டாப்பர் பேக் ஆடினவன் நீ. நாசரேத் ஆட்டத்தில் கடைசி நிமிஷம் கோல் கோட்டிலிருந்து நீ தலையால் முட்டி வெளியே தள்ளிய பந்து எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியது கோல் போட்ட சேவியரை. அந்த வருத்தம் இத்தனை வருஷம் உனக்குள் இருந்திருக்கிறது என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்தது.

அதனால் உனக்கு ஒரு பேக் ஆட்டக்காரரின் கதையைச் சொல்கிறேன். பேர் டைக் கென்னலி. ஆங்கிலத்தில் டி, ஏ, டி, எச், ஜி என்று எழுதிவிட்டு 'டைக்' என்கிறார்கள். ஐரிஷ் பெயர்களில் பாதி எழுத்து அலங்காரத்துக்குத்தான் போல.

இங்கே ஆடுகிற ஃபுட்டியை, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தைப் பற்றி முன்னே ஒரு தடவை எழுதியிருந்தேன், நீ 'அது ரக்பிதானே' என்று பதில் போட்டாய். இல்லை. கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுகிறார்கள், பக்கத்துக்கு 18 பேர். பந்து முட்டை வடிவம். இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் ஒன்று. பந்தைக் கையால் எறியக்கூடாது, ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தித்தான் கொடுக்க வேண்டும். பதினைந்து மீட்டராவது பறந்து வந்த உதையைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவனை யாரும் தொடக்கூடாது, நிதானமாக உதைத்துக்கொள்ளலாம். இதில் ஆஃப்சைடே கிடையாது. அதனால் ஒவ்வொரு ஃபார்வர்டின் தோளிலும் ஒரு பேக் நாள் முழுக்க நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பான். பந்து உயரே வரும்போது முதுகில் தள்ளக்கூடாது, கையைப் பிடிக்கக்கூடாது. பிடிக்க முடியாவிட்டால் பந்தையாவது குத்தித் தள்ளிவிட வேண்டும். உனக்குப் பிடித்துப்போகும்.

கென்னலி பிறந்தது இந்த ஆட்டம் இல்லாத ஊரில். அயர்லாந்தின் கெர்ரி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) லிஸ்டோவல், 1981-இல். அங்கே ஆடுவது கேலிக் கால்பந்து: உருண்டைப் பந்து, பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் ஓட முடியாது, அதற்குள் தரையில் தட்டவோ கால்விரலால் தட்டித் திரும்பக் கைக்குக் கொண்டுவரவோ வேண்டும். கெர்ரிக்காரர்களுக்கு அது விளையாட்டு என்று சொன்னால் கோபம் வரும். அகில அயர்லாந்துக் கோப்பையை அவர்கள் அளவுக்கு வேறு எந்தக் கவுண்டியும் வென்றதில்லை. இவருடைய அப்பா டிம் கென்னலி அந்தக் கோப்பையை ஐந்து தடவை வென்றவர், 1979-இல் அணித்தலைவர். ஊரில் அவரை 'குதிரை' என்பார்கள். அவர் ஆடின இடம் எது என்று நினைக்கிறாய்? பின்வரிசையின் நடு.

ஐரிஷ் பையன்கள் உயரப் பந்தை ஓடிக்கொண்டே பிடிப்பார்கள், இரண்டு காலாலும் உதைப்பார்கள் என்று 1980-களிலேயே மெல்போர்ன் கிளப் ஒன்று கண்டுபிடித்து ஆட்களை அழைத்துவரத் தொடங்கியது. அப்படி டப்ளினிலிருந்து வந்த ஜிம் ஸ்டைன்ஸ் 1991-இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடலையே வாங்கினார். அதே வழியில் டீன் ஏஜ் பையனாகச் சிட்னி ஸ்வான்ஸ் கிளப்புக்கு வந்தவர்தான் கென்னலி. முட்டைப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று கடவுளுக்கே தெரியாது. சின்ன வயதிலிருந்து உருண்டைப் பந்தோடு வளர்ந்தவனுக்கு அது நாய்க்குட்டியைப் பழக்குகிற மாதிரிதான். 2001-இல்தான் முதல் அணியில் ஆடினார். ஹாஃப் பேக் இடம் கொடுத்தார்கள்: எதிரி உதைத்த பந்தைப் பின்னால் பறித்து, அங்கிருந்தே ஓடித் தாக்குதலைத் தொடங்குகிற வேலை. ஓட்டம் அவருக்குப் பிறவிச் சொத்து.

அப்புறம் 2005. நான் இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்வான்ஸ் அந்த வருஷம் நெருக்கிப் பிடித்து, புள்ளியே கொடுக்காமல் ஆடியது. பார்க்க அழகில்லை என்று லீக்கின் தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ டெமெட்ரியூவே வெளிப்படையாகக் குறை சொன்னார், இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு அதிகம் ஜெயிக்க முடியாது என்றார். செப்டம்பர் 24-ஆம் தேதி அவர்கள் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இறுதியாட்டத்தில் நின்றார்கள். அந்தக் கிளப் கடைசியாகக் கோப்பை வென்றது 1933-இல், தெற்கு மெல்போர்ன் என்ற பெயரில். 1982-இல்தான் கிளப்பையே பெயர்த்துச் சிட்னிக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் அடுத்த வீட்டில் அப்போது ஒரு கிழவர் இருந்தார், தெற்கு மெல்போர்னில் பிறந்து வளர்ந்தவர். அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எனக்கு விதி ஒன்றும் புரியவில்லை. எதிரணி வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ். இரண்டு அணியும் சேர்ந்தே பதினைந்து கோல்தான் போட்டது, அவ்வளவு இறுக்கம். கடைசி நிமிஷத்தில் ஸ்வான்ஸ் நாலு புள்ளி முன்னால். ஈகிள்ஸ் கம்பத்தை நோக்கி ஒரு நீள உதை. பந்து இறங்குகிற இடத்தில் இரண்டு அணியிலும் ஏழெட்டுப் பேர் கைதூக்கி நிற்கிறார்கள். ஒருவன் பிடித்து உதைத்தால் முடிந்தது கதை. பக்கவாட்டிலிருந்து பறந்து வந்து, எல்லார் கைக்கும் மேலே அதைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் லியோ பேரி. ஃபுல் பேக்! சைரன் ஊதிவிட்டது. 58-க்கு 54. கிழவர் கழுத்தில் இருந்த சிவப்பு வெள்ளைத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை.

அந்த இறுதியாட்டத்தில் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று இங்கே தெருவில் கேட்டுப் பார், பாதிப் பேருக்குத் தெரியாது. லியோ பேரி பிடித்த பந்து எல்லாருக்கும் தெரியும். உன் கேள்விக்கு இதுவே பதில் என்று நிறுத்தியிருப்பேன். ஆனால் நான் சொல்லவந்தது கென்னலி கதையை. மெடல் வாங்க மேடை ஏறினவர், அங்கேயே நின்று ஐரிஷ் நடனம் ஒன்று ஆடினார். கால் மட்டும் படபடவென்று அடிக்கிற நடனம். நாங்கள் சிரித்தோம். அயர்லாந்தில் வளர்ந்து இங்கே வந்து இந்தக் கோப்பையை வென்ற முதல் ஆள் அவர்.

இரண்டரை மாதம் கழித்து, டிசம்பரில், அப்பா டிம் திடீரென்று இறந்துபோனார். வயது 51.

அடுத்த வருஷமும் ஸ்வான்ஸ் இறுதியாட்டம் போனது, அதே ஈகிள்ஸிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அதற்கு அடுத்த இரண்டு வருஷத்தைத் தாண்டிவிடுகிறேன். 2009 தொடக்கத்தில் கென்னலி கிளப்பில் சொல்லிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். நல்ல சம்பளம், முதல் அணியில் உறுதியான இடம், வயது 27. கேலிக் கால்பந்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கிடையாது, தெரியுமா? தச்சர், வாத்தியார், பாங்க் குமாஸ்தா எல்லாரும் வேலை முடிந்து ராத்திரி பயிற்சிக்கு வருகிறவர்கள்தான். அவருக்கு வேண்டியிருந்தது அப்பாவிடம் இருந்த மாதிரி ஒரு கெர்ரி மெடல். வேறு கணக்கு எதுவும் அதில் இல்லை.

பத்து வருஷம் முட்டைப் பந்தோடு குடித்தனம் நடத்திவிட்டுத் திரும்ப உருண்டைப் பந்து. கெர்ரிக்கும் அந்த வருஷம் ஆட்டம் சரியாக அமையவில்லை. மாகாணப் போட்டியில் பக்கத்துக் கவுண்டியான கார்க்கிடம் தோற்று, தோற்றவர்களுக்கான தகுதிச் சுற்று வழியாகத் தேறி, ஸ்லைகோ மாதிரி சின்னக் கவுண்டியிடம் ஒரு புள்ளியில் தப்பி வந்தார்கள். பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, காலிறுதியில் டப்ளினைப் பதினேழு புள்ளி வித்தியாசத்தில் நசுக்கினார்கள். செப்டம்பரில் டப்ளின் குரோக் பார்க்கில் இறுதியாட்டம், எதிரே மறுபடி கார்க். கெர்ரி ஜெயித்தது.

ஆட்டம் தொடங்கிய உடனே எதிரணி வீரர் ஒருவர்மேல் கென்னலி மோதின மோதல் அங்கே வெகுநாள் பேச்சாக இருந்தது. நானும் வீடியோ பார்த்தேன். அது சரியில்லை. அப்பாவுக்காக வந்தவன் என்பதால் அதை மூடி மறைக்க எனக்கு மனசில்லை. ஆனாலும் இந்த இரண்டு மெடலையும் சேர்த்து வாங்கின முதல் மனிதர் அவர்தான், அதில் ஐயமில்லை.

இப்போது நீ கவனிக்க வேண்டியது. அப்பா பேக். மகனும் சிட்னியில் பேக்காகவே பேர் வாங்கினவர். அப்பாவின் மெடலைத் தேடிப் போன அந்த வருஷம் கெர்ரி கோச் அவரை எங்கே போட்டார் தெரியுமா? முன்வரிசையில், ஹாஃப் ஃபார்வர்ட். அந்த ஆண்டின் சிறந்த பதினைந்து பேரில் ஒருவராகத் தேர்வானதும் அந்த இடத்துக்குத்தான். கதிருக்கு நேர் எதிர். 'நான் பின்னால் ஆடுகிறவன்' என்று அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால் மெடல் வந்திருக்காது. கதிர் ஒருவேளை உன்னைவிடத் தெளிவாக இருக்கலாம், அவனிடம் கேட்டாயா?

2010-இல் சிட்னிக்குத் திரும்பி வந்து ஸ்வான்ஸுக்கே ஆடினார், 2011-இல் ஓய்வு. மொத்தம் 197 ஆட்டம். இன்னும் மூன்று ஆடினால் இருநூறு. யாராவது பிடித்து நிறுத்தி ஆடவைத்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சின்ன ஆதங்கம். பிறகு அதே கிளப்பில் பயிற்சியாளராகவும் இருந்தார். அவருக்குப் பின்னால் வந்த ஐரிஷ்காரர் ஸாக் டூயி 2022-இல் ஜீலாங் அணிக்குக் கோப்பை வென்றார், ஹாஃப் பேக்காகவே. அன்று 81 புள்ளியில் அடிவாங்கினது எங்கள் ஸ்வான்ஸ் என்பதால் அதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை.

டிம் கென்னலி இறந்த செய்தி நான் அப்போது படிக்கவில்லை, பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் அப்பா போனதும் அதற்கு நாலு மாதம் கழித்துத்தான். நான் பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேர முடிந்தது. தண்ணீர் எடுத்துவர ஆள் சேர்த்தது, பந்தல்காரனுக்குப் பணம் கொடுத்தது, அம்மாவை ஒருவேளையாவது சாப்பிட வைத்தது எல்லாம் நீ. இதை நான் உன்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. இப்போதும் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. நான் மட்டும் ஐந்து வாரம் இருப்பேன். கதிருக்கு ஒரு முட்டைப் பந்து வாங்கி வைத்திருக்கிறேன், தோல் பந்து, காற்றை இறக்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். கென்னலி பட்ட பாட்டை அவனும் கொஞ்சம் படட்டும். நீயும் பழைய பூட்ஸைத் தேடி எடுத்து வை. உங்கள் எதிர்வீட்டு அக்கா ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடிதானா, இல்லை கம்பி வலை அடித்துவிட்டார்களா என்று பார்த்து எழுது. இது எந்தப் பக்கம் துள்ளும் என்று என்னால் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

அம்மாவைப் போய் ஒருநடை பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
ராமசாமி