மூதூர்த் தங்கச்சிக்கு, ஒப்பரேஷனுக்கு முன்

அன்புள்ள தங்கச்சி,

மகனின் குதிக்காலுக்குப் பின்னால் உள்ள குதிநாண் ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்துவிட்டது என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதுதான் எழுதுகிறேன். திருகோணமலையில் தியேட்டர் தாதியாக இருந்தவள் சொல்கிறேன்: வெட்டுகிற டொக்டரை விட, மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரைத்தான் நீ முக்கியமாகப் பார்க்க வேண்டும். அதுவும் ஒப்பரேஷன் அன்று காலையில் அல்ல, முன்கூட்டியே. 'காலில் பலம் இல்லை' என்று மழுப்பாதே. டுஷேன் தசைச் சிதைவு என்று நோயின் பெயரைச் சொல். வெளியே தெரியக்கூடாது என்கிற உன் மாமியின் கட்டளையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு நிற்கட்டும்.

தசைக் கலங்களைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இவனது உடலில் சரியாக உருவாவதில்லை. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதற்காகத் தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் என்றொரு ஊசி இருக்கிறது. அவசரத்துக்குக் கைகொடுக்கும் மருந்துதான். ஆனால் இவனைப் போன்ற பிள்ளைக்குப் போட்டால் தசை சிதைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டும். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடலாம். நோய் இருப்பதே தெரியாத, பார்வைக்குச் சுகமாக இருந்த பொடியன்கள் இப்படி இறந்த பிறகுதான் 1990களில் அமெரிக்காவில் அந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கை போட்டார்கள். ஹலோத்தேன், செவோஃபுளுரேன் போன்ற மயக்க வாயுக்களும் தசையைச் சிதைக்கலாம் என்பதால் அவற்றையும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தை சேலைன் ஏற்றுவது போல நாளம் வழியாகத் தொடர்ந்து கொடுத்துத் தூங்க வைக்கலாம். ஆக, பாதுகாப்பான வழி இருக்கிறது. நோய் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதயமும் தசைதானே, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். மூச்சுச் சோதனையும் இருக்கும். அப்புறம், அவன் தினமும் குடிக்கும் பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தை நீயாக நிறுத்திவிடாதே. ஒப்பரேஷன் நாளில் அதைக் கூட்டிக் கொடுக்கவும் வேண்டி வரலாம். ஐ.சி.யு. வசதியுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் கோபிக்காதே. கிண்ணியாப் பாலம் வந்த பிறகும் உனக்கு அது நெடும்பயணம்தான், தெரியும்.

இன்னொன்று. இந்த நோய் பெரும்பாலும் தாய் வழியாக வருவது. உன் தங்கச்சியின் சின்னவனும் பிந்தித்தான் நடந்தான், அடிக்கடி விழுகிறான் என்றாய். தசை சிதைகிறதா என்று காட்டும் சி.கே. என்ற இரத்தச் சோதனையை அவனுக்கும் செய்யச் சொல். பல்லுப் பிடுங்கவோ வேறு எதற்கோ அவனை மயக்குவதற்கு முன் அந்த முடிவு கையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா
உப்புவெளி