ராத்திரி முறைக்கு வரும் மகளுக்கு

கடலூர், மஞ்சக்குப்பம்
ஐப்பசி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை நீ வந்ததும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ராத்திரி முறை உன்னுடையது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வலி மருந்து, மார்ஃபின். டாக்டர் அப்பாவுக்கு எழுதியிருப்பது 10 மில்லிகிராம் மாத்திரை. காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6 மணிக்கு ஒவ்வொன்று. ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரண்டு, 2 மணிக்கு எழுப்ப வேண்டாமே என்று. "வலியே இல்லம்மா, எதுக்கு?" என்பார். மணி தவறாமல் போடுவதால்தான் வலி இல்லை. ஏறிவிட்டால் அடக்குவது பெரும்பாடு. நடுவில் வலித்தால் கூடுதலாக ஒன்று கொடுத்து நோட்டில் நேரம் குறி. ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் போனால் டாக்டருக்குப் போன் செய், அளவை அவர்தான் கூட்ட வேண்டும். எழுப்பினாலும் எழாமல், மூச்சும் மிக மெதுவாகப் போனால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடு. பெரியப்பா வந்தால் "பழக்கமாயிடும்" என்று ஆரம்பிப்பார். காதில் வாங்காதே.

மார்ஃபினோடு மலச்சிக்கல் கூடவே வரும். அதற்குப் பிசகோடைல் மாத்திரை இரண்டு, ராத்திரியில், விடாமல். மூன்று நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் பேதி என்று மருந்து கொடுத்துவிடாதே. உள்ளே கெட்டியாக அடைத்திருக்கும், பக்கவாட்டில் கசிகிறது. அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸிடம் சொல், எனிமா கொடுப்பார். மார்ஃபின் மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே எனக்குச் சொல்லிவிடு. தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது, புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

காற்று மெத்தை இருந்தாலும் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வை. இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பார். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. புயல் மாதம் இது. கரண்ட் போனால் மெத்தை தட்டையாகிவிடும், பம்ப்பை இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறேன், பிடுங்காதே.

விழுங்க முடியாமல் போனால் மாத்திரையைப் பொடித்து நாலு சொட்டுத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் தடவு. (நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை மட்டும் பொடிக்கவே கூடாது. இப்போது வீட்டில் அது இல்லை.) அத்தை பால் ஊற்ற நிற்பாள். புரையேறும். பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கச் சொல், அவளுக்கும் மனசு ஆறும்.

தொண்டையில் கரகரப்பு கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைச் சற்று உயர்த்து. கேட்கிற நமக்குத்தான் அது பயம், அவருக்குத் தெரியாது. கடைசி நேரம் நெருங்கும்போது மூச்சு நின்று நின்று வரும், முட்டியில் நீலம் படரும். அப்போது யாரும் 108-ஐக் கூப்பிட வேண்டாம். வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். வீட்டில்தான் என்று அப்பாவே சொல்லியாயிற்று. நம் டாக்டரைக் கூப்பிடு, இறப்புக் காரணச் சான்று அவர் தருவார். மாநகராட்சியில் 21 நாளுக்குள் பதியவேண்டும். ஆதார் நகல் பீரோவில், மேல் தட்டில்.

வரும்போது உன் பழைய பருத்திப் புடவை நாலு எடுத்து வா. திருப்பும்போது முதுகுக்குக் கீழே போட்டு இழுக்க, புதுத் துணி உறுத்துகிறது.

அம்மா