28 நாளும் எங்கள் வாகனமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் கணவர் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு ஒன்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். மாற்றுத்திறனாளிகளுக்குப் பிரித்தானிய அரசு தரும் 'பிப்' கொடுப்பனவில் நடமாட்டத்துக்கென்று அவருக்குத் தருகிற உயர் தொகையைக் கொடுத்து, அவர்களுக்கு வாகனம் குத்தகைக்குத் தரும் மோட்டபிலிட்டி திட்டத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு வாகனம் எடுத்திருந்தோம். பின்கதவைத் திறந்து பலகையை இறக்கினால் நாற்காலியோடு அப்படியே ஏற்றிவிடலாம். ஓட்டுவது நான்தான். போன குளிர்காலத்தில் அவருக்குப் பாரிசவாதமும் வந்தது. ஐந்து மாதம் வைத்தியசாலையில் கிடந்தார். அந்த ஐந்து மாதத்துக்குள் அந்த வாகனத்தை நான் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

காரணம் ஒரு விதி. வளர்ந்த ஒருவர் அரசாங்க வைத்தியசாலையில் 28 நாளுக்கு மேல் தங்கினால் பிப் நிற்கும். வாரக் குத்தகையை அந்தக் கொடுப்பனவிலிருந்து, அதை வழங்கும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி. நேரே கட்டுகிறது. ஆகவே கொடுப்பனவு நின்றால் குத்தகைக்கும் காசு இல்லை. குத்தகைக்காரரில் எனக்குக் கோபம் கிடையாது. தொலைபேசியில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள், சில வாரம் தவணையும் தந்தார்கள். விதிதான் பிழை.

சாவி வாங்க ஆள் வந்த காலையில் வாகனத்தை நானே வெறுமையாக்கினேன். அவருடைய கம்பளிப் போர்வை, மழைக்கோட்டு, கந்தசஷ்டிக் கவச இசைத்தட்டு, முன்கண்ணாடியில் இருந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான வாகனத் தரிப்பு அனுமதி அட்டையான புளூ பேட்ஜ். (பேட்ஜ் வாகனத்துக்குரியதல்ல, ஆளுக்குரியது. இந்த நிலைமையில் இருப்பவர்கள் அதை மறந்து உள்ளே விட்டுவிட வேண்டாம்.) அன்றைக்குப் பின்னேரமே இரண்டு பஸ் மாறித்தான் வைத்தியசாலைக்குப் போனேன். இவருக்கு வலது கை வராது, பேச்சும் குழறியது. சோற்றைப் பிசைந்து ஊட்ட, தாதியர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, தினமும் நான் அங்கே நிற்க வேண்டியிருந்தது. நாலாம் மாதம், சனி ஞாயிறு வீட்டில் விட்டுப் பார்க்கலாம் என்றார் வைத்தியர். இவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார்! ஆனால் கூட்டிவர வாகனம் இல்லை. சக்கர நாற்காலி ஏறும் வாடகை வண்டி அந்தச் சனிக்கிழமை கிடைக்கவில்லை. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விதிக்குச் சொல்லும் நியாயம், வைத்தியசாலை எல்லாம் பார்த்துக்கொள்கிறது, ஒரே தேவைக்கு அரசு இரண்டு தரம் கொடுக்கக் கூடாது என்பது. பிப்பின் அன்றாடப் பராமரிப்புப் பகுதிக்கு அது ஓரளவு பொருந்தலாம். நடமாட்டப் பகுதிக்கு எப்படிப் பொருந்தும்? பராமரிப்பு இல்லத்தில் கவுன்சில் செலவில் இருப்பவருக்கு அன்றாடப் பகுதி நின்றாலும் நடமாட்டப் பகுதி தொடர்கிறது. அதையும் நிறுத்தப் போவதாக 2010இல் அறிவித்த அரசு, எதிர்ப்பு வலுத்ததும் 2011 டிசம்பரில் கைவிட்டது. இல்லத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு வைத்தியசாலையில் ஏன் தெரியவில்லை?

பிள்ளைகளுக்கு இந்த விதி மாறிவிட்டது. கேமரன் மாத்தியசன் என்ற சிறுவன் லிவர்பூல் ஆல்டர் ஹே வைத்தியசாலையில் ஓராண்டுக்கு மேல் இருந்தான். பிள்ளைகளுக்கு அப்போதிருந்த எல்லையான 84 நாளோடு அவனுடைய கொடுப்பனவை நிறுத்தினார்கள். அவன் 2012இல் ஐந்து வயதில் இறந்த பிறகும் தகப்பன் வழக்கை விடவில்லை. வைத்தியசாலையிலும் பெற்றோர்தான் பிள்ளையைப் பார்த்தார்கள், செலவு குறையவில்லை, கூடியது என்பதை 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2016 முதல் 18 வயதுக்குட்பட்டு அனுமதிக்கப்படுவோருக்குக் கொடுப்பனவு நிற்பதில்லை. பதினெட்டு முடிந்ததும் ஊட்டிவிட ஆள் தேவைப்படாமல் போய்விடுமா?

இதே நிலையில் இருக்கும் நம்மவர்களுக்கு இரண்டு விஷயம். அனுமதித்த நாளையும் வீடு திரும்பிய நாளையும் டி.டபிள்யூ.பி.க்கு உடனே சொல்லுங்கள். பயந்து மறைத்தால் கூடுதலாக வந்த காசைப் பிறகு திருப்பிக் கட்ட வேண்டி வரும். இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி அனுமதிக்கப்பட்டால் 28 நாள் கணக்கு புதிதாகத் தொடங்காது, பழைய நாட்களோடு சேரும். எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

இவர் வீடு வந்ததும் கொடுப்பனவு திரும்ப ஆரம்பித்தது. ஆனால் புதுக் குத்தகைக்கு, கொடுப்பனவு அனுமதிக்கப்பட்ட காலத்தில் குறைந்தது பன்னிரண்டு மாதம் மீதி இருக்க வேண்டும். எங்களுக்கு மயிரிழையில் இருந்தது. ஆளுக்கேற்ற வாகனம் வர மேலும் மாதங்கள் போயின.

நடமாட்டப் பகுதியை மட்டுமாவது வைத்தியசாலையிலும் தொடர விட வேண்டும் என்று எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் சந்திக்க நேரம் தந்திருக்கிறார். இவரையும் கூட்டிக்கொண்டுதான் போகப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்