மங்கைக்கு, ட்ரெட்மில் சலிப்பு பற்றி

மதுரை
ஐப்பசி 14

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. கயலுக்குக் கோவையில் விடுதி இடம் கிடைத்ததும், அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் படித்து மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது, வைகையில் தண்ணீர் ஓடுகிறது.

கடைசி நாலு வரியில் நீ எழுதியிருந்த விஷயத்துக்குத்தான் நீளமாகப் பதில் எழுதுகிறேன். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார், மழைக்கும் தெரு நாய்க்கும் பயந்து ட்ரெட்மில் வாங்கினோம், ஏறிய பத்தாவது நிமிஷமே இறங்கிவிடத் தோன்றுகிறது, எனக்கு மனவுறுதி போதவில்லை என்று எழுதியிருந்தாய். இதில் மனவுறுதியை ஏன் இழுக்கிறாய்? அதில் ஏறுகிற எல்லோருக்கும் சலிக்கும். அதன் பூர்வீகமே சிறைச்சாலை. 1818-ல் வில்லியம் கியூபிட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் கைதிகளுக்காகப் பெரிய மிதிசக்கரம் ஒன்றை அமைத்தார். அதன் படிகளில் மணிக்கணக்காக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பல சிறைகளில் பக்கத்து ஆள் முகம் தெரியாதபடி நடுவே தடுப்பும் வைத்தார்கள். நியூயார்க் சிறைச் சக்கரத்தைப் பற்றி 1824-ல் எழுதிய ஜேம்ஸ் ஹார்டி, கைதிகளை நடுங்க வைத்தது அதன் கடுமையைவிட மாறாத ஒரே சீர்தான் என்று குறித்திருக்கிறார். உன் வீட்டில் இருப்பது மோட்டார் ஓட்டும் வேறு இயந்திரம்தான். ஆனால் அந்த ஒரே சீர் இதிலும் இருக்கிறது. தெருவில் நடந்தால் மரம், வீடு, ஆள் என்று கண்முன் ஏதாவது கடந்துகொண்டே இருக்கும், முகத்தில் காற்று படும், பள்ளம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். இங்கே சுவர் அசையாது. மனசுக்குப் பிடித்துக்கொள்ள இருப்பது அந்தச் சிவப்பு எண்கள் மட்டும்தான்.

ஆகவே முதல் வேலை, நேரம் காட்டும் இடத்தின் மேல் ஒரு சின்னத் துண்டைப் போட்டு மூடு. ஸ்டாப் பட்டனும், உருவினால் இயந்திரம் நின்றுவிடும் அந்த சேஃப்டி கீயும் மட்டும் வெளியே தெரியட்டும். முடிவு நேரத்துக்கு போனில் அலாரம் வைத்துவிடு.

அடுத்து பொழுதுபோக்கு. டிவி போட்டும் பார்த்தேன், பாட்டும் கேட்டேன், எதுவும் உதவவில்லை என்கிறாய். எந்த வேகத்தில் எதைப் போட்டாய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நடக்கும்போது பாட முடிந்தால் அது லேசான நடை. முழு வாக்கியம் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராவிட்டால் கடினம். லேசான நடையில், அதாவது உனக்கு மணிக்கு 3.5, 4 கி.மீ. வேகத்தில், கதையுள்ள எதையும் பார்க்கலாம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டால் படிக்கக்கூட முடியும். 4.5 முதல் 5.5 வரை காதுக்கான வேளை: பாட்டு, ஆடியோ புத்தகம், போன் பேச்சு. அதற்கு மேல், மூச்சு வாங்கும்போது, கதை மண்டையில் ஏறாது. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராகியார்கிஸ் என்ற ஆய்வாளர் உடற்பயிற்சியின்போது இசை என்ன செய்கிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர். மிதமான உழைப்பில் பாட்டு களைப்பு உணர்வைக் குறைக்கிறது. உழைப்பு கடுமையானதும் மூச்சும் இதயமும் தொடையும் அனுப்பும் சேதி மனசு முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. அப்போது பாட்டால் களைப்பைக் குறைக்க முடியாது, உற்சாகத்தை மட்டும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். நல்ல சினிமாவைப் போட்டுவிட்டு ஏற்றத்தையும் கூட்டி நடக்கிறவர்களுக்குக் கதையும் புரிவதில்லை, நடையும் முடிவதில்லை. கடினமான இரண்டு நிமிஷத்துக்கு அடி எண்ணுவதே போதும்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தாளத்தைப் பார். வலது கால் தரையில் படுவதை மட்டும் அரை நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று தெரியும். உன் உயரத்துக்கு 4.8 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 120 வரும். பாட்டின் தட்டையும் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கு. 118 முதல் 126 வரை உள்ள பாட்டுகளாகப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டுவை. கால் தானாகத் தட்டோடு சேரும், வேகம் குறையாது. 60 தட்டு உள்ள பாட்டும் பொருந்தும், தட்டுக்கு இரண்டு அடி. தொல்லை தருவது 85, 90 தட்டு வரும் மெல்லிசை. அது காலை மெதுவாக்கும், பெல்ட் விரட்டும், நடை குழறும். அந்தப் பாட்டுகளைக் கடைசி ஐந்து நிமிஷம் வேகத்தை இறக்கும்போது வைத்துக்கொள்.

ஆடியோ புத்தகத்துக்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் மில்க்மனும் உடன் இருந்தவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு அது. கீழே வைக்க மனசு வராத கதைகளை ஐபாடில் ஏற்றி, அந்த ஐபாடை ஜிம்மிலேயே பூட்டி வைத்தார்கள். வந்தால்தான் கேட்க முடியும். ஆரம்பத்தில் அப்படிக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தார்கள். நவம்பர் கடைசியில் விடுமுறை வந்து இடைவெளி விழுந்ததும் அந்தப் பலன் தேய்ந்துவிட்டது. இரண்டு பாதியும் உனக்கு வேண்டும். ஒரு தொடரையோ புத்தகத்தையோ ட்ரெட்மில்லுக்கு என்று ஒதுக்கிவிடு, சோபாவில் உட்கார்ந்து அதைத் தொடாதே. அத்தியாயம் பாதியில் இருக்கும்போதே இறங்கு, மிச்சம் நாளைக்கு இழுக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் பழைய கதையைத் தேடாதே, புதிதாக ஒன்றை ஆரம்பி.

அண்ணன் கிரிக்கெட் பைத்தியம் என்பதால் அவருக்கும் ஒன்று சொல்கிறேன். சர்வதேச டி20-யில் 20 ஓவருக்கு 85 நிமிஷம் அனுமதி, அதாவது ஓவருக்கு நாலேகால் நிமிஷம். பந்து வீசும் ஓவர் முழுக்க 5.5-ல் நடக்கட்டும், ஓவர் மாறும்போது விளம்பரம் வரும் இடைவெளியில் 4-க்கு இறக்கட்டும். விக்கெட் விழுந்தால் ரீப்ளே முடியும்வரை ஏற்றம் ஒரு படி கூடட்டும். பவர்பிளே ஆறு ஓவர் முடிவதற்குள் 25 நிமிஷம் போய்விடும். ஆட்டமே வேகத்தை மாற்றச் சொல்வதால் கடிகாரம் பார்க்கத் தோன்றாது.

டிவி எங்கே இருக்கிறது என்று நீ எழுதவில்லை. திரையின் நடு உன் கண் மட்டத்தில், நேர் எதிரே இருக்க வேண்டும். போனைக் கைப்பிடித் தட்டில் சாய்த்து வைத்துக் குனிந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், உடம்பு முன்னால் சாயும், காலடி குறுகும். பக்கவாட்டில் இருந்தால் இன்னும் மோசம், தலை திரும்பும் பக்கமாகவே நடையும் நகர்ந்து, பெல்ட்டுக்கு இரு பக்கமும் அசையாமல் இருக்கும் ஓரப்பட்டையில் கால் ஏறும். போன் நழுவி பெல்ட்டில் விழுந்தால் எடுக்கக் குனியாதே. இரண்டு கால்களையும் ஓரப்பட்டைகளில் வைத்து, ஸ்டாப் அழுத்தி, முழுக்க நின்ற பிறகு எடு. மோட்டார் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று ஹெட்போனை அலற விடாதே. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை காது தாங்கும், 90 என்றால் வெறும் 4 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காதை நன்றாக மூடும் வகை வாங்கினால் குறைந்த சத்தமே போதும்.

ஃபேனைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் பத்தாவது நிமிஷத்துக்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நின்ற இடத்திலேயே நடப்பதால் உடம்பில் காற்றுப் படுவதில்லை, திருச்சிப் புழுக்கத்தில் வியர்வை ஆறுவதில்லை. உடம்பு சூடேறினால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அதை நாம் சலிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். சீலிங் ஃபேன் போதாது. பெடஸ்டல் ஃபேனை முன்பக்கம் ஓரமாக, மார்புக்கும் முகத்துக்கும் காற்று வரும்படி வை.

ஏற்றத்தை மாற்றுவதும் நல்ல பொழுதுபோக்குதான். வேகத்தைத் தொடாமலே உழைப்பு எவ்வளவு மாறுகிறது பார்: 4.8 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் 3.3 மடங்கு சக்தி செலவாகும். 4 சதவீத ஏற்றத்தில் அது கிட்டத்தட்ட 5 மடங்கு, 12 சதவீதத்தில் 8 மடங்குக்கு மேல். கயல் உனக்கு அனுப்பிய ‘12-3-30’ என்பது இந்தக் கடைசிக் கணக்குதான், 12 சதவீத ஏற்றம், மணிக்கு 3 மைல், 30 நிமிஷம். இளசுகளுக்கு அது சரி. உனக்கு இப்போது வேண்டாம், கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் பழகாமல் இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிஷம் சமதளம், பிறகு இரண்டு பாட்டுக்கு 2 சதவீதம், ஒரு பாட்டுக்கு 4, மறுபடி சமதளம் என்று பாட்டை அளவாக வைத்து மாற்று. ஒன்று மட்டும் கண்டிப்பு: ஏற்றத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காதே. பின்னால் சாய்ந்து தொங்கினால் உடல் எடையில் ஒரு பங்கைக் கை சுமக்கும், திரையில் காட்டும் கலோரி பொய்யாகும். பிடிக்காமல் நடக்க முடியாவிட்டால் ஏற்றம் அதிகம் என்று அர்த்தம்.

சர்க்கரைக்காக நடப்பவளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரேயடியாக அரை மணி நேரம் நடக்கத்தான் வேண்டுமா? நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை சர்க்கரை உள்ளவர்களை வைத்துப் பார்த்தார்கள், 2016-ல் வெளியானது. நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிஷம் நடந்ததைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிஷம் நடந்தபோது, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை சராசரி 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வித்தியாசம் அதிகம். நீ இறங்க நினைக்கும் பத்தாவது நிமிஷத்தில் தாராளமாக இறங்கலாம், மங்கை! வாரத்துக்கு 150 நிமிஷம் என்ற பொதுக் கணக்கும் இப்படியே நிரம்பிவிடும். பத்து நிமிஷத்துக்கு மூன்று பாட்டு, அவ்வளவுதான். நீ எடுக்கும் மாத்திரை சர்க்கரையைத் தாழ இறக்கும் வகையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். அந்த வகை என்றால் வெறும் வயிற்றில் ஏறாதே. எப்படியானாலும் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வை. கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் உடனே இறங்கிவிடு.

பெல்ட் ‘கிரீச்’ என்கிறது, கால் வைக்கும்போது ஒரு கணம் நின்று இழுக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இழுத்து இழுத்து ஓடும் பெல்ட்டில் யாருக்குமே நடக்கப் பிடிக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி நடுப்பகுதிக்கு அடியில் விரலால் தடவிப் பார். வழுக்கலாக இல்லாமல் உலர்ந்திருந்தால் எண்ணெய் தீர்ந்துவிட்டது. ட்ரெட்மில்லுக்கான சுத்த சிலிக்கான் ஆயில்தான் ஊற்ற வேண்டும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் பெல்ட்டைக் கெடுக்கும். பக்கத்துக்கு 15 மில்லி போதும், காலடி படும் இடத்துக்கு அடியில் போகும்படி விட்டு, யாரும் ஏறாமல் மெதுவேகத்தில் ஐந்து நிமிஷம் ஓடவிடு. உலர்ந்த பெல்ட் மோட்டாரை அதிக கரண்ட் இழுக்க வைக்கும், கருகல் வாடை வரும், கடைசியில் மோட்டாரை இயக்கும் போர்டு போகும். எண்ணெய் விட்ட பிறகும் கால் வைக்கும்போது நழுவினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் உள்ள போல்ட்டை ஆலன் கீயால் சமமாகக் கால் சுற்று இறுக்கு. வலப்பக்கம் ஒதுங்கி ஓடினால் வலது போல்ட்டை மட்டும் கடிகார திசையில் கால் சுற்று திருப்பி, இரண்டு நிமிஷம் ஓடவிட்டுப் பார். ஒரேயடியாக முழுச் சுற்று திருப்பாதே. பிளக் 15 ஆம்பியர் பாயிண்டில் நேரடியாக இருக்கட்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இன்வெர்ட்டர் லைனும் வேண்டாம்.

புடவையோடு ஏறாதே. சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறு, பின் உருளை அதைச் சுருட்டிக்கொள்ளும். செருப்பும் வெறுங்காலும் கூடாது. சேஃப்டி கீயின் கிளிப்பை உடையில் மாட்டிய பிறகே ஸ்டார்ட். கரண்ட் போய் பெல்ட் சட்டென்று நின்றால் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, கீயை உருவிவிடு. குழந்தைகள் வந்துபோகும் வீடு, இறங்கியதும் கீ பீரோவுக்குள் போகட்டும். பின்னால் இரண்டு மீட்டர் இடம் காலியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

4.5 வேகத்தில் போன் பேசிக்கொண்டே நடக்கலாம் என்றேன் இல்லையா, அதைச் சேர்ந்தே செய்வோம். செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டேகாலுக்கு நான் கூப்பிடுகிறேன். நீ 4-ல் ஆரம்பித்து 4.5-க்குப் போ, நான் மொட்டை மாடியில் நடக்கிறேன். உன் பேச்சில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். கயலின் விடுதிச் சாப்பாடு எப்படி என்பதை எழுத வேண்டாம், அப்போது சொல். சிலிக்கான் ஆயில் அங்கே கிடைக்காவிட்டால் அதையும் சொல், அடுத்த வாரம் திருச்சி வரும் தம்பியிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சாந்தி